மின் இருக்கை: கார் இருக்கையின் வரலாறும் அதன் பழுதுகளும்

மின் இருக்கை (பவர் சீட்) என்பது காரின் முன் இருக்கையை மின் மோட்டாரால் முன்னும் பின்னும், மேலும் கீழும் நகர்த்தவும், முதுகுச் சாய்வை மாற்றவும் உதவும் அமைப்பு. இருக்கையின் பக்கவாட்டிலோ கதவிலோ உள்ள சுவிட்சை அழுத்தி இதை இயக்குவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் ஆடம்பரக் கார்களில் பரவத் தொடங்கிய இந்த வசதி, இன்று நடுத்தர விலைக் கார்களிலும் கிடைக்கிறது. பழைய கார் வாங்குவோர் அடிக்கடி சந்திக்கும் மின்பழுதுகளில் இதுவும் ஒன்று.

இது வெறும் சொகுசுக் குறைபாடு என்று தோன்றலாம். ஆனால் ஆறடி உயரமுள்ள முந்தைய உரிமையாளர் பின்னால் தள்ளி வைத்த நிலையிலேயே இருக்கை நின்றுவிட்டால், ஐந்தடி உயரமுள்ள புதிய உரிமையாளரால் பிரேக்கை முழுமையாக மிதிக்க முடியாது. கையால் நகர்த்தும் இருக்கையில் ஒரு நெம்புகோலை இழுத்தால் போதும். மின் இருக்கையில் அந்த நெம்புகோலே இல்லை. மோட்டார் ஓடாவிட்டால் இருக்கை அசையாது.

நகராத இருக்கையின் காலம்

முதல் கார்களின் இருக்கை குதிரை வண்டியிலிருந்து அப்படியே வந்தது. 1886-இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்சின் மூன்று சக்கர வண்டியில் இருந்தது ஒரு சிறிய மெத்தைப் பலகை மட்டுமே. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் தொட்டி முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. எவ்வளவு எரிபொருள் உள்ளது என்று அறிய, ஓட்டுநர் இறங்கி, மெத்தையைத் தூக்கி, தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். அத்தகைய இருக்கையை நகர்த்துவதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஓட்டுபவரின் உடல்தான் காருக்கு ஏற்ப வளைந்துகொள்ள வேண்டியிருந்தது.

காருக்குள் மின்சாரம் ஒரு வேலையாளாக நுழைந்தது 1912-ஆம் ஆண்டுக் கேடிலாக் கார்களில். சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் அவற்றில் பொருத்தப்பட்டது. இஞ்சினைக் கைப்பிடியால் சுற்றிக் கிளப்பும் ஆபத்தான வேலை அதோடு ஒழிந்தது. வலுவான பேட்டரியும், அதை மீண்டும் மின்னேற்றும் கருவியும் காரில் நிலையாக இடம்பெற்றன. பேட்டரி இருக்கும் இடத்தில் இன்னொரு மோட்டாரையும் வைக்கலாம் அல்லவா? அந்த எண்ணம் இருக்கையை வந்தடைய மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

எண்ணெயால் நகர்ந்த இருக்கை

தொடக்க கால ‘பவர்’ இருக்கைகள் பல நேரடியாக மின்சாரத்தால் நகரவில்லை. 1940-களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டார்சின் பியூக், கேடிலாக் போன்ற பெயர்களில் வந்த திறந்த கூரைக் கார்களில் ‘ஹைட்ரோ-லெக்ட்ரிக்’ என்ற அமைப்பு இருந்தது. ஒரு மின் மோட்டார் ஒரு பம்பைச் சுழற்றும். பம்பு அழுத்தும் திரவம் குழாய்கள் வழியாகச் சென்று துணிக்கூரையையும், கதவுக் கண்ணாடிகளையும், முன் இருக்கையையும் நகர்த்தும். பயன்படுத்தப்பட்ட திரவம் பிரேக் எண்ணெய்.

அதன் பழுதும் அதற்கேற்றபடி இருந்தது. ஓரிடத்தில் குழாய் கசிந்தால் கூரை, கண்ணாடி, இருக்கை மூன்றும் சேர்ந்தே மந்தமாகிவிடும். கசியும் பிரேக் எண்ணெய் பெயின்ட்டை அரிக்கும், தரைவிரிப்பை நனைக்கும். இன்று அந்தக் கார்களைப் புதுப்பிக்கும் ஆர்வலர்கள் முதலில் தேடுவது ஒயர் அறுந்ததா என்பதை அல்ல, கதவின் அடிப்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்பதைத்தான்.

1950-களின் நடுவில் திரவ முறை பின்வாங்கி, தனி மின் மோட்டார் முறை நிலைத்தது. இதற்குத் துணைபுரிந்த ஒரு மாற்றம் அதிகம் பேசப்படுவதில்லை. அதுவரை அமெரிக்கக் கார்களில் பெரும்பாலும் 6 வோல்ட் மின்னமைப்பே இருந்தது. கேடிலாக் 1953-லும், ஷெவர்லே 1955-லும், ஃபோர்டு 1956-லும் 12 வோல்ட்டுக்கு மாறின. ஒரே அளவு வேலைக்கு 6 வோல்ட்டில் தேவைப்படும் மின்னோட்டத்தில் பாதியே 12 வோல்ட்டில் போதும். ஒயர் மெல்லியதாகலாம், இணைப்புகளில் ஏற்படும் இழப்பும் குறையும். ஆட்கள் அமர்ந்திருக்கும் கனமான இருக்கையைத் தள்ளும் மோட்டாருக்கு இது பெரிய உதவி.

அக்கால முன் இருக்கை பெரும்பாலும் ஒரே நீண்ட பெஞ்சு. சுவிட்சை அழுத்தினால் ஓட்டுநரோடு பக்கத்தில் அமர்ந்தவரும் சேர்ந்தே முன்னால் போவார். குட்டையான மனைவி காரை ஓட்டும்போது, நெட்டையான கணவரின் முழங்கால் டேஷ்போர்டில் முட்டும். இருவருக்கும் தனித்தனி இருக்கை என்ற வழக்கம் பரவிய பிறகே மின் இருக்கை ஒரு தனி மனிதரின் உடலளவுக்கு உரியதாயிற்று.

ஒரு மோட்டாரும் மூன்று வேலைகளும்

முன்-பின் நகர்வு மட்டும் கொண்டது இருவழி இருக்கை. உயரத்தையும் மாற்றினால் நான்குவழி. முன்விளிம்பையும் பின்விளிம்பையும் தனித்தனியாக ஏற்றி இறக்க முடிந்தால் ஆறுவழி. ஆறுவழி இருக்கையின் பழைய வடிவங்களில் மூன்று வேலைகளுக்கும் சேர்த்து ஒரே மோட்டார்தான் இருந்தது. சுவிட்சை அழுத்தும்போது ஒரு மின்காந்தம் ‘டக்’ என்று ஈர்த்து, தேவையான பல்சக்கரத்தை மோட்டாரோடு இணைக்கும். அங்கிருந்து வளையும் கம்பித் தண்டுகள் இரண்டு பக்க ரெயில்களுக்கும் சுழற்சியைக் கொண்டுசெல்லும்.

பழுதைக் காதால் கண்டுபிடிக்கும் கலை இந்த அமைப்பிலிருந்து வளர்ந்தது. ‘டக்’ ஒலி கேட்டு மோட்டார் ஓடாவிட்டால் ஒரு காரணம். மோட்டார் ஓடியும் ‘டக்’ ஒலி இல்லையென்றால் வேறு காரணம். இரண்டும் கேட்டு இருக்கை கோணலாக இழுத்தால், ஒரு பக்கத்துக் கம்பித் தண்டு அறுந்திருக்கிறது, அல்லது அதன் முனை தேய்ந்து நழுவுகிறது. பின்னர் ஒவ்வொரு நகர்வுக்கும் தனி மோட்டார் வந்தது. ஆனால் முன்-பின் நகர்வில் ஒரே மோட்டார் இரு ரெயில்களையும் ஓட்டும் வழக்கம் பல கார்களில் இன்றும் உள்ளது. எனவே கோணல் இருக்கையும் இன்றுவரை தொடர்கிறது.

1957-இல் இரண்டு கார்கள் இன்னும் ஒரு படி முன்னே போயின. கேடிலாக் எல்டொராடோ பிரோம், மெர்க்குரி டர்ன்பைக் குரூசர் ஆகிய இரண்டும் ஓட்டுநர் விரும்பும் நிலையை நினைவில் வைக்கும் இருக்கைகளைக் கொண்டிருந்தன. மெர்க்குரியின் ‘சீட்-ஓ-மேட்டிக்’ 49 நிலைகளை அளித்தது. எல்டொராடோ பிரோமின் விலை 13,074 டாலர். 1957, 1958 ஆகிய இரு ஆண்டுகளிலும் சேர்த்து 704 கார்களே தயாராயின. நினைவு இருக்கை நம்பத்தகுந்த பொதுவசதியாக மாற, விலை மலிந்த மின்னணுச் சில்லுகளுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜெர்மனியில் 1979-இல் அறிமுகமான மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ் கிளாஸ் (டபிள்யூ 126) வரிசை வேறொரு சிக்கலைத் தீர்த்தது. இருக்கைக்கும் கதவுக்கும் இடையிலுள்ள இடுக்கில் கையை விட்டு, எந்தப் பொத்தான் எதற்கு என்று தடவிக்கொண்டிருக்கும் தொல்லை அது. அந்த வரிசைக் கார்களில் சுவிட்ச் கதவின்மேல் ஒரு சிறிய இருக்கையின் வடிவிலேயே அமைந்தது. மெத்தைப் பகுதியைத் தள்ளினால் மெத்தை நகரும், முதுகுப் பகுதியைச் சாய்த்தால் முதுகு சாயும். எந்த மொழியிலும் எழுத்தே தேவைப்படாத இந்த வடிவத்தைப் பிற நிறுவனங்களும் பின்பற்றின.

மோட்டாரின் இரண்டு ஒயர்கள்

கணினிப் பெட்டி இல்லாத மின் இருக்கையின் பழுதை அறிய, ஒரு செய்தியைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மோட்டாருக்கு இரண்டு ஒயர்கள் செல்கின்றன. சுவிட்சைத் தொடாதபோது இரண்டும் எர்த்தில் இருக்கும். முன்னே போகும்படி அழுத்தினால் ஒரு ஒயருக்கு 12 வோல்ட் வரும், மற்றது எர்த்திலேயே நிற்கும். பின்னே போக, இது தலைகீழாகும். மின்சாரம் எதிர்த்திசையில் பாய்வதால் மோட்டாரும் எதிர்த்திசையில் சுழலும்.

இதிலிருந்து பல முடிவுகள் தாமாகவே வருகின்றன. இருக்கை முன்னே போகிறது, பின்னே வரவில்லை என்றால், மோட்டாரும் இரண்டு ஒயர்களும் நல்ல நிலையில் உள்ளன என்று பொருள். பின்னால் ஏதும் தடுக்கவில்லை என்றால், குற்றவாளி பெரும்பாலும் சுவிட்சின் உட்தொடர்புதான். புதிய மோட்டார் வாங்குவது வீண்செலவு. முதுகு சாய்கிறது, முன்-பின் நகர்வு மட்டும் இல்லை என்றால், ஃபியூஸும் பொது எர்த்தும் சரியாக உள்ளன. அந்த ஒரு மோட்டாரையும் அதற்கான சுவிட்ச் பகுதியையும் பார்த்தால் போதும். எதுவுமே அசையவில்லை என்றால், எல்லாவற்றுக்கும் பொதுவானவற்றைத் தேட வேண்டும். ஃபியூஸ், எர்த், இருக்கைக்கு அடியிலுள்ள பெரிய கனெக்டர் ஆகியவையே அவை.

கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய பழைய சோதனை ஒன்று உண்டு. இரவில் இஞ்சினை அணைத்து, உள்விளக்கை எரியவிட்டு, இருக்கைச் சுவிட்சை அழுத்த வேண்டும். விளக்கு சற்று மங்கினால் மோட்டார் மின்சாரத்தை இழுக்கிறது, ஆனால் சுழல முடியவில்லை. எனவே சிக்கல் ரெயிலிலோ பல்சக்கரத்திலோ உள்ளது. விளக்கு மங்கவே இல்லை என்றால் மின்சாரம் மோட்டாரை அடையவில்லை, அல்லது மோட்டாருக்குள்ளேயே பாதை அறுந்துள்ளது. குண்டு பல்பு உள்ள கார்களில் இது நன்றாக வேலை செய்யும். எல்ஈடி விளக்குகள் வந்தபின் இதன் பயன் குறைந்துவிட்டது.

பாதுகாப்புக்காக மின் இருக்கைகளில் சாதாரண ஃபியூஸுக்குப் பதில், சூடானால் தானே துண்டித்து, ஆறினால் தானே சேரும் பிரேக்கர் பல கார்களில் வைக்கப்பட்டது. இதனால் ஒரு விசித்திரமான அறிகுறி தோன்றும். இருக்கை சில நொடிகள் நகர்ந்து நிற்கும். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் நகரும். உரிமையாளர் இதை லூஸ் கனெக்‌ஷன் என்று நினைப்பார். உண்மையில் காய்ந்துபோன கிரீசாலோ, ரெயிலில் சிக்கிய பொருளாலோ மோட்டார் திணறுகிறது, பிரேக்கர் தன் கடமையைச் செய்கிறது. அதற்குப் பதிலாகப் பெரிய ஃபியூஸைச் செருகுவது தீயை வரவழைக்கும் வேலை.

பழைய கார்களில் இருக்கையின் அடிப்பகுதி ஒரு தனி உலகம். நாணயங்கள், பேனாக்கள், குழந்தைகளின் பொம்மைகள், குடைக் கம்பி ஆகியவை ரெயிலில் சிக்குகின்றன. சிந்திய காபி கனெக்டருக்குள் இறங்குகிறது. இருக்கை முன்னும் பின்னும் போகும்போதெல்லாம் அதன் ஒயர்க் கட்டும் வளைந்து நிமிர்வதால், உறைக்குள் செம்புக் கம்பி இற்றுப்போவதும் உண்டு. மோட்டாரை மெதுவாகத் தட்டியதும் ஓடினால் அதன் கார்பன் பிரஷ்கள் தேய்ந்துவிட்டன. மோட்டார் சுழலும் ஒலி கேட்டும் இருக்கை நகரவில்லை என்றால், பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் பற்கள் போய்விட்டன.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களில் இந்தப் பழுது ஓர் எச்சரிக்கையும் ஆகிறது. 2005-இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் அமெரிக்காவிலும், 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் சென்னையிலும் நீரில் நின்ற கார்கள் ஏராளம். வெளித்தோற்றத்தைக் கழுவித் துடைத்துவிடலாம். மெத்தையுறையையும் மாற்றிவிடலாம். ஆனால் இருக்கையடியிலுள்ள கனெக்டரின் செம்பில் படிந்த பச்சை நிறமும், ரெயிலைத் தரையோடு இறுக்கும் போல்ட்டுகளின் துருவும் எளிதில் மறைவதில்லை. விற்பவர் “சீட் சுவிட்ச் மட்டும்தான் சார் போயிருக்கு” என்று சொல்லும்போது, ஒரு டார்ச்சோடு குனிந்து பார்ப்பது இருக்கையைத் தாண்டி முழுக் காரின் கதையையும் சொல்லிவிடக்கூடும்.

கழற்ற முடியாத இருக்கை

மெக்கானிக்குகளைப் படுத்தும் முரண் ஒன்று மின் இருக்கையில் உள்ளது. இருக்கையைக் கழற்றப் பின்பக்கப் போல்ட்டுகளை எடுக்க வேண்டும். அவை தெரிய இருக்கை முன்னால் நகர வேண்டும். முன்பக்கப் போல்ட்டுகளுக்கோ அது பின்னால் போக வேண்டும். நகராததால்தானே அதைக் கழற்ற வேண்டியிருக்கிறது!

இதற்கு இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. மோட்டாரின் கனெக்டரைப் பிரித்து, அதன் இரண்டு தடித்த முனைகளுக்கும் ஃபியூஸ் வைத்த ஒயர்கள் மூலம் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுப்பது ஒன்று. மோட்டார் ஓடினால் இருக்கையும் நகரும், மோட்டார் நல்லது என்பதும் உறுதியாகும். மோட்டார் செத்திருந்தால் அதைத் தனியே கழற்றி, வளையும் தண்டையோ திருகுத் தண்டையோ கையால் சுற்றி இருக்கையை நகர்த்துவது மற்றது. பொறுமை தேவைப்படும் வேலை. நினைவு இருக்கையின் மோட்டாரில் தடித்த ஒயர்களோடு மெல்லிய ஒயர்களும் இருக்கும். அவை மோட்டார் எத்தனை சுற்று சுழன்றது என்று எண்ணும் உணரிக்கு உரியவை. 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைக் கொண்டு இயங்கும் அந்த உணரிக்குப் பேட்டரி மின்சாரத்தை நேராகக் கொடுத்தால் அது கருகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை 1990-களில் சேர்ந்தது. 1995-ஆம் ஆண்டு மாடல் வோல்வோ 850 காரில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கையின் முதுகிலேயே பொருத்தப்பட்டது. அதன்பின் இருக்கை என்பது மெத்தையும் மோட்டாரும் மட்டும் அல்ல, வெடித்து விரியும் பையும் கூட. ஏர்பேக் கனெக்டர்கள் பொதுவாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். இருக்கையின் கனெக்டர்களைப் பிரிக்கும் முன் பேட்டரியைக் கழற்றி, காரின் கையேடு கூறும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். மஞ்சள் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கவே கூடாது.

பழுது சில நேரம் பயணத்தின் நடுவிலேயே வெளிப்படும். ஜெனரல் மோட்டார்ஸ் 2014-இல் ஷெவர்லே கமாரோ, ஈக்குவினாக்ஸ் உள்ளிட்ட மாடல்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. மின் இருக்கையின் உயர அமைப்பில் ஒரு போல்ட் கழன்று விழுந்தால், இருக்கை திடீரெனக் கீழே இறங்கிவிடும் என்பதே காரணம். ஓடும் காரில் ஓட்டுநர் அரையடி கீழே போனால் சாலை எப்படித் தெரியும்? அமெரிக்காவில் இத்தகைய திரும்ப அழைப்பின் கீழ்வரும் பழுதை நீக்கக் கட்டணம் இல்லை. கார் எத்தனையாவது கையில் இருக்கிறது என்பதும் பொருட்டில்லை. பழைய கார் வாங்கியவர்கள் சுவிட்சுக்குச் செலவழிக்கும் முன் தம் காரின் அடையாள எண்ணைப் பட்டியலில் சரிபார்ப்பது இதனால்தான்.

சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவில் கணினி

பாஷ் நிறுவனம் 1986-இல் ‘கேன்’ என்ற தகவல் தொடர்பு முறையை வெளியிட்டது. காரின் கணினிகள் இரண்டே ஒயர்களில் ஒன்றோடொன்று பேச அது வழிசெய்தது. நினைவு இருக்கை கொண்ட பல கார்களில் இன்று சுவிட்ச் மோட்டாருக்கு மின்சாரம் அனுப்புவதில்லை. ‘முன்னே போக விரும்புகிறார்’ என்ற செய்தியை மட்டும் இருக்கையடியிலுள்ள கணினிப் பெட்டிக்கு அனுப்புகிறது. மோட்டாருக்கான மின்சாரத்தைத் தருவது அந்தப் பெட்டி. இங்கே பழைய சோதனை விளக்கைக் கண்டபடி செருகினால் பழுது பெருகும்.

பழுதே இல்லாத பழுதுகளும் இதோடு வந்தன. பேட்டரியை மாற்றியபின் இருக்கை சிறிது சிறிதாக மட்டுமே நகர்கிறது, நினைவுப் பொத்தான் வேலை செய்யவில்லை என்ற புகார் பரவலானது. கணினி தன் எல்லைகளை மறந்துவிட்டது என்பதே காரணம். பல மாடல்களில் இருக்கையை ஒவ்வொரு திசையிலும் கடைசி வரை ஓட்டி, அங்கே சில நொடிகள் சுவிட்சை அழுத்திப் பிடித்தால் அது மீண்டும் கற்றுக்கொள்ளும். செலவு ஒன்றும் இல்லை. இது தெரியாமல் பெட்டியையே மாற்றியவர்களும் உண்டு.

1996 மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் கட்டாயமான ஓபிடி-2 இணைப்பு, புகை வெளியேற்றத்தைக் கண்காணிக்க வந்தது. மலிவான ஸ்கேனர்கள் இஞ்சின் தொடர்பான ‘பி’ (பவர்ட்ரெயின்) எழுத்துக் குறியீடுகளைப் படிக்கும். இருக்கை, கதவு போன்றவற்றுக்கு உரிய ‘பாடி’ வகைக் குறியீடுகள் பலவற்றில் தெரியாது. அதற்கான கருவிகளும் தகவலும் நிறுவனத்தின் பணிமனைகளிடமே இருந்தன. இந்த வருத்தம் அரசியலானது. 2012-இல் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள், நிறுவனப் பணிமனைகளுக்குக் கிடைக்கும் பழுதறியும் தகவல் தனியார் மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற சட்டத்தைப் பெரும்பான்மையுடன் ஏற்றனர்.

இந்தியச் சாலைகளில் மின் இருக்கை நெடுங்காலம் இறக்குமதிக் கார்களுக்கும் விலையுயர்ந்த செடான்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவின் 2018-ஆம் ஆண்டுப் புதுப்பிப்பில் ஓட்டுநருக்கு ஆறுவழி மின் இருக்கை வந்தது. அதையொத்த கார்களிலும் இவ்வசதி பரவி, இப்போது இரண்டாம் கை சந்தைக்கு வரத் தொடங்கியுள்ளது. நினைவகம் இல்லாத இவ்வகை இருக்கைகளில் சுவிட்சும் மோட்டாரும் நேரடியாகவே இணைந்திருப்பதுண்டு. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் ஒரு சுவிட்சைத் தேடிப் போகும் முன், இருக்கை ஒரு திசையிலாவது நகர்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனால், வாங்க வேண்டியது சுவிட்சா மோட்டாரா என்பது கடைக்காரரைக் கேட்காமலே தெரிந்துவிடும்.